4.4 எப்படி 9 ஆனது? கனடா அரசுப் பணியின் சமத்துவக் கணக்கு

கனடாவின் மத்திய அரசுப் பணியில் 2018 மார்ச் இறுதியில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு 5.3 சதவீதம். குறைந்தது இவ்வளவு பேராவது இருக்க வேண்டும் என்று அரசு வைத்திருந்த அளவுகோல் 4.4 சதவீதம். ஆகவே இந்தப் பிரிவில் குறையில்லை என்பது அந்த ஆண்டின் கணக்கு. அடுத்த மார்ச்சில் பங்கு 5.2 சதவீதம், கிட்டத்தட்ட அதே நிலைதான். ஆனால் அளவுகோல் 9 சதவீதமாகிவிட்டிருந்தது. பன்னிரண்டே மாதத்தில் உபரி பெரிய பற்றாக்குறையானது. அந்த ஓராண்டில் கனடாவில் மாற்றுத்திறனாளிகள் இரண்டு மடங்காகப் பெருகிவிடவில்லை. அவர்களை யாரும் கூட்டமாக வேலையைவிட்டு அனுப்பிவிடவும் இல்லை. அளவுகோலுக்கு வேண்டிய தரவை எங்கிருந்து எடுப்பது என்பது மட்டுமே மாறியது.

இந்தக் கணக்கு சட்டம் கேட்கும் கணக்கு. நீதிபதி ரோசலி அபெல்லாவின் ஆணையம் 1984-இல் தந்த அறிக்கைதான் அதற்கு வித்து. பெண்கள், முதற்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ‘கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்’ ஆகிய நான்கு பிரிவினரும் வேலைச் சந்தையில் பின்தள்ளப்படுவதை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. 1986-இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்று மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட துறைகளின் பெரிய நிறுவனங்களே முதலில் அதன் வரம்பில் இருந்தன. 1995-இல் இயற்றப்பட்டு 1996 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அரசுப் பணியையும் உள்ளே கொண்டுவந்தது. அன்றிலிருந்து கருவூல வாரியத்தின் தலைவரான அமைச்சர் ஆண்டுதோறும் இதுகுறித்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கிறார். இந்தியாவில் இருப்பதைப் போன்ற இடஒதுக்கீடு அங்கே கிடையாது. கட்டாய ஒதுக்கீட்டைத் திணிக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால் புள்ளிவிவரத்தின் பொறுப்பு மிகவும் கனமானது. குறை இருக்கிறது என்று எண் சொன்னால்தான் ஒரு துறை திட்டம் தீட்ட வேண்டும், இலக்கு வைக்க வேண்டும். இல்லை என்று எண் சொல்லிவிட்டால் கோப்பு மூடப்படும்.

அந்த எண் உண்மையில் இரண்டு எண்களின் ஒப்பீடு. அரசுப் பணிக்குள் ஒரு பிரிவினர் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. அந்தப் பணிகளைச் செய்யக்கூடிய உழைப்பாளர்களிடையே நாட்டில் அவர்கள் எத்தனை சதவீதம் என்பது மற்றொன்று. முதலாவதை அலுவலகப் பதிவேடு தருகிறது. இரண்டாவதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய ஆய்வுகளும் தருகின்றன. இரண்டும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு கேள்விகளால், வெவ்வேறு சூழலில் திரட்டப்பட்டவை. ஒருவர் தம் வீட்டில் உட்கார்ந்து கணக்கெடுப்புப் படிவத்தில் சொல்லும் பதிலையும், தம் மேலதிகாரி இருக்கும் அலுவலகத்தில் நிரப்பும் படிவத்தில் சொல்லும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதுதான் இந்தக் கணக்கு.

அலுவலகப் பக்கத்தை முதலில் பார்க்கலாம். பெண்கள் நீங்கலாக மற்ற மூன்று பிரிவினரின் எண்ணிக்கையும் சுய அடையாளப் படிவத்திலிருந்தே வருகிறது. தம்மை இன்ன பிரிவினர் என்று ஊழியரே சொல்ல வேண்டும். அல்லது அப்படி அடையாளப்படுத்தப்படச் சம்மதிக்க வேண்டும். அவர்களை மட்டுமே எண்ணலாம் என்பது சட்டம். முகத்தைப் பார்த்து மேலாளர் குறித்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் நிலை வேறு: இன விவரப் படிவத்தை நிரப்ப ஒரு மத்திய அரசு ஊழியர் மறுத்தால், தோற்றத்தை வைத்து அலுவலகமே குறித்துக்கொள்ள அங்கே வழி உண்டு. கனடாவின் முறை மனிதரின் மதிப்பைக் காக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பதில் சொல்லாதவர் ‘தெரியாது’ என்ற பட்டியலில் விழுவதில்லை. அந்தப் பிரிவைச் சேராதவராகவே கணக்கில் போய்விடுகிறார். பிரிட்டனின் குடிமைப் பணிப் புள்ளிவிவரத்தில் பதில் தராதவர்களை விலக்கிவிட்டு, தெரிந்தவர்களுக்குள் மட்டுமே சதவீதம் போடுகிறார்கள். ஒரே அலுவலகத்தை இந்த இரண்டு முறையிலும் கணக்கிட்டால் இரண்டு விடைகள் வரும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. பெரும்பாலோர் பணியில் சேரும்போது படிவத்தை ஒருமுறை நிரப்புவதோடு சரி. இருபத்தைந்து வயதில் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தவருக்கு நாற்பத்தைந்தில் நாள்பட்ட முதுகுவலி வரலாம், செவித்திறன் குறையலாம், மன அழுத்தம் தீவிரமாகலாம். பழைய படிவத்தைத் தேடிப் போய்த் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது அரிது. தோன்றினாலும், பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மனநலச் சிக்கலைப் பதிவேட்டில் ஏற்றுவதற்குத் துணிவு வேண்டும். சட்டத்தின் வரையறையும் எளிதானதல்ல. நீடித்த அல்லது அடிக்கடி திரும்பும் குறைபாடு இருந்தால் மட்டும் போதாது. அதனால் வேலையில் தமக்குப் பாதகம் என்று அவர் கருத வேண்டும், அல்லது முதலாளி அப்படிக் கருதக்கூடும் என்று அவர் நம்ப வேண்டும், அல்லது அவருடைய பணியிடத்தில் அதற்கான வசதி செய்து தரப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவையும் தமக்குத் தாமே கேட்டுப் பார்த்து ஒரு கட்டத்தில் குறியிடுபவர் எத்தனை பேர்?

யாரை எண்ணுவது என்பதிலும் எல்லைகள் உண்டு. நிரந்தர ஊழியர்கள், மூன்று மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், பருவகால ஊழியர்கள் ஆகியோர் கணக்கில் வருவார்கள். தற்காலிகத் தினப்பணியாளர்கள், மாணவப் பணியாளர்கள், சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். இதை அறிக்கையின் அடிக்குறிப்பு சொல்லும். செய்தித்தாளின் தலைப்பு சொல்லாது.

இனி நாட்டுப் பக்கம். அளவுகோலாக வைக்கப்படும் எண்ணுக்கு ஆங்கில அறிக்கைகளில் உள்ள பெயரைத் தமிழில் ‘பணிக்குக் கிடைக்கக்கூடியோர் விகிதம்’ எனலாம். மொத்த மக்கள்தொகையில் ஒரு பிரிவினரின் பங்கு அல்ல இது. அரசில் உள்ள தொழில்களை ஒத்த தொழில்களில் நாடெங்கும் வேலை செய்பவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குள் கல்வித்தகுதி, வட்டாரம் முதலியவற்றைக் கருதி, அந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று பார்ப்பது. ஒரு பிரிவினர் அரசுப் பொறியாளர் பணிகளில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது, நாட்டின் பொறியாளர்களில் அவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இவ்வளவு நுணுக்கமாகத் தொழில்வாரியாகப் பிரிக்கச் சிறிய மாதிரி ஆய்வுகள் போதா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீள் படிவத்தால் மட்டுமே முடியும். அந்தப் படிவம் ஐந்தில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பதில் தருவது சட்டப்படி கட்டாயம்.

2010-இல் அந்த அடித்தளம் அசைந்தது. நீள் படிவத்தை நீக்கிவிட்டு, விருப்பப்பட்டவர் மட்டும் பதில் தரும் தேசியக் குடும்ப ஆய்வு ஒன்றை 2011-இல் நடத்துவதென அன்றைய அரசு முடிவெடுத்தது. வீட்டில் எத்தனை அறை, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்றெல்லாம் சிறைத் தண்டனையைக் காட்டி அரசு கேட்கக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். விருப்ப ஆய்வு கட்டாயக் கணக்கெடுப்புக்கு ஈடாகாது என்ற நிலைப்பாட்டில் நின்ற தலைமைப் புள்ளியியலாளர் முனிர் ஷேக் 2010 ஜூலையில் பதவி விலகினார். புள்ளியியல் உலகில் அபூர்வமான செயல் அது. புதிய ஆய்வு மூன்றில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. கூடுதலாக அனுப்பினால் குறைவான பதில்களை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2006-இல் ஏறக்குறைய 94 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2011-இல் 69 சதவீத அளவுக்கு இறங்கியது. பல சிறிய ஊர்களுக்குத் தரவு வெளியிட முடியாத நிலை வந்தது.

பதில் தராதவர்கள் எல்லாத் தரப்பிலும் சமமாகப் பரவியிருந்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் விருப்ப ஆய்வுகளில் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், புதிதாகக் குடியேறியவர்கள், முதற்குடியினர். அதாவது சமத்துவக் கணக்கு யாருக்காகப் போடப்படுகிறதோ அவர்களே. கையில் இருக்கும் பதில்களுக்கு எடை கூட்டிச் சரிசெய்யலாம். ஆனால் எந்த அளவுக்குக் கூட்டுவது என்பதற்கு வேறொரு நம்பகமான தரவு வேண்டும். அந்த நம்பகமான தரவுதான் நீக்கப்பட்ட நீள் படிவம். 2015-இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு முதலில் செய்தவற்றுள் ஒன்று அதை மீட்டது. 2016-இல் நீள் படிவத்துக்கான பதில் விகிதம் 97 சதவீதத்தைத் தாண்டியது.

இடையில் வந்த தரவு மறைந்துவிடவில்லை. மாற்றுத்திறன் குறித்த தனி ஆய்வு கணக்கெடுப்பின் தோளில் ஏறித்தான் நடக்கிறது: முதலில் கணக்கெடுப்பில் ஓரிரு கேள்விகள் கேட்டு, ‘ஆம்’ என்றவர்களிடமிருந்து மாதிரி எடுத்து, அவர்களிடம் விரிவாகக் கேட்பார்கள். 2012-இல் நடந்த ஆய்வு 2011-இன் விருப்ப ஆய்வில் ‘ஆம்’ என்றவர்களை நம்பியிருந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட கனடியரில் 13.7 சதவீதம் பேருக்கு மாற்றுத்திறன் உண்டு என்று அது சொன்னது. 4.4 என்ற அளவுகோல் அதிலிருந்து பிறந்தது. 2018 வரை அதுவே உயிரோடு இருந்தது. 2017-இல் அடுத்த ஆய்வு நடந்தபோது அந்த 13.7, 22.3 சதவீதமாகியது. ஆள் கணக்கில் 38 லட்சம் 62 லட்சமாகியது.

ஐந்தாண்டில் ஒரு நாட்டின் உடல்நிலை இப்படிச் சரியாது. கேள்வி மாறியிருந்தது. பழைய படிவம் காது கேட்பது, பார்ப்பது, நடப்பது, படியேறுவது, கற்பது என எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, இவற்றில் சிரமம் உண்டா என்று கேட்டது. அந்தப் பட்டியலைப் படிப்பவர் மனத்தில் சக்கர நாற்காலியும் வெண்கோலும்தான் எழும். 2016-இன் படிவம் அதைப் பிரித்தது. பார்வை தனியே, செவி தனியே, நடப்பதும் கை விரல்களைப் பயன்படுத்துவதும் தனியே, கற்றல்-நினைவு-கவனம் தனியே, மனநலம் தனியே, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வேறு நோய் தனியே. ‘உண்டு’, ‘இல்லை’ என்பதோடு நிற்காமல் எப்போதாவதா, அடிக்கடியா, எப்போதுமா என்றும் கேட்டது. அதுவரை தம்மை மாற்றுத்திறனாளி என்று எண்ணாத லட்சக்கணக்கானோர், நாள்பட்ட வலியோடும் மனச்சோர்வோடும் இருந்தவர்கள், முதன்முறையாக வலைக்குள் வந்தார்கள். 2017 ஆய்வில் மிகப் பரவலாகக் காணப்பட்டது வலி சார்ந்த குறைபாடு. 15 முதல் 24 வயது வரையிலான இளையோரிடம் மனநலம் சார்ந்தது. 2012-ஐயும் 2017-ஐயும் ஒப்பிட்டு ‘உயர்வு’ என்று சொல்லக் கூடாது என்று கனடாவின் புள்ளியியல் துறை அப்போதே எச்சரித்தது.

எச்சரிக்கை சரியானதே. ஆனால் கருவூல வாரியத்தின் அட்டவணையில் 4.4 இருந்த இடத்தில் 9 வந்து உட்கார்ந்தபோது, அது வெறும் முறையியல் மாற்றமாக நின்றுவிடவில்லை. அரசுப் பணியின் இந்தக் கணக்கில் வருவோர் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். 5.2-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளி என்பது சுமார் 7,600 மனிதர்கள். அதே 2019-இல் அரசு அணுகல்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசுப் பணிக்கான அணுகல் திட்டம் ஒன்றையும் வெளியிட்டு, 2025-க்குள் 5,000 மாற்றுத்திறனாளிகளைக் கூடுதலாகப் பணியில் சேர்ப்பதாக உறுதியளித்தது. பழைய அளவுகோலே நீடித்திருந்தால் அப்படியொரு வாக்குறுதிக்கு அட்டவணையில் காரணம் எதுவும் தென்பட்டிருக்காது. பங்கு 2021-இல் 5.6 சதவீதமாகவும் 2023-இல் 6.9 சதவீதமாகவும் நகர்ந்தது. இதில் எவ்வளவு புதிதாகச் சேர்ந்தவர்களால், எவ்வளவு ஏற்கெனவே இருந்தவர்கள் இப்போது படிவத்தில் சொல்லத் துணிந்ததால் என்பதை மொத்த எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

மற்றப் பிரிவுகளில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ‘கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்’ என்பது முதற்குடியினர் அல்லாத, வெள்ளையர் அல்லாத மக்களைக் குறிக்கச் சட்டம் வைத்திருக்கும் சொல். 2019-இல் அரசுப் பணியில் அவர்கள் பங்கு 16.7 சதவீதம், அளவுகோல் 15.3. குறையில்லை. ஆனால் அந்த 15.3 என்பது கனடியக் குடியுரிமை பெற்றவர்களை மட்டும் எண்ணிக் கிடைத்தது. வேலைச் சந்தையில் உள்ள எல்லோரையும், குடியுரிமை இன்னும் பெறாத நிரந்தர வதிவாளர்களையும் சேர்த்து எண்ணினால் 2016 கணக்கெடுப்பின்படி அது 21.3 சதவீதம். ஒரே கணக்கெடுப்பு, இரண்டு வடிகட்டிகள். ஒன்றில் அரசு தேர்ச்சி பெறுகிறது, மற்றொன்றில் தவறுகிறது. அரசு வேலையில் குடிமக்களுக்கு முன்னுரிமை என்பது சட்டமாக இருந்தவரை முதல் எண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது. 2021-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு நிரந்தர வதிவாளர்களுக்கும் அதே முன்னுரிமை கிடைத்தது. அதன்பின் அளவுகோலிலும் அவர்கள் சேர்க்கப்பட்டனர்.

மொத்தமாகக் கூட்டிச் சொல்வதே ஒரு திரை என்ற குறை நெடுநாளாக இருந்தது. சீனரும் கறுப்பினத்தவரும் அரபியரும் தெற்காசியரும் ஒரே சதவீதத்துக்குள் அடைபட்டிருந்தார்கள். 2020-இல்தான் கருவூல வாரியம் உட்பிரிவுகளாகப் பிரித்த தரவை வெளியிட்டது. மொத்த எண்ணில் எந்தக் குறையும் தெரியாத இடத்தில், உயர் பதவிகளில் கறுப்பின ஊழியர்கள் எவ்வளவு அருகிப்போகிறார்கள் என்பது அப்போது வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கறுப்பின ஊழியர்கள் அரசுக்கு எதிராகக் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. கணக்கெடுப்புப் படிவத்தில் ‘தெற்காசியர்’ என்ற கட்டத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தியர், பாகிஸ்தானியரோடு இலங்கையரும் குறிப்பிடப்படுகிறார்கள். டொரோண்டோவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண்ணும் பஞ்சாபிலிருந்து சென்ற ஆணும் இந்தக் கணக்கில் ஒரே பெட்டியில்தான். தமிழ் தாய்மொழியினர் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பின் மொழிக் கேள்வி தருகிறது. ஆனால் சமத்துவ அட்டவணை இனப் பிரிவின்படி ஓடுவதால், அரசுப் பணியில் தமிழர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பிரிவுகளே மாற வேண்டும் என்ற பரிந்துரையும் வந்துவிட்டது. சட்டத்தை ஆராய 2021-இல் அமைக்கப்பட்டு, சட்டப் பேராசிரியர் அடெல் பிளாக்கெட் தலைமையில் இயங்கிய குழு 2023 டிசம்பரில் வெளியான அறிக்கையில், கறுப்பினத்தவரையும் பால்புதுமையினரையும் தனிப் பிரிவுகளாகச் சேர்க்கச் சொன்னது. ‘கண்ணுக்குத் தெரியும்’ என்ற சொல்லைக் கைவிடவும் சொன்னது. பிரிவைச் சட்டத்தில் சேர்ப்பது ஒரு வாக்கியத்தில் முடியும். அதற்கான அளவுகோலுக்குத் தரவு வேண்டுமே! 2021 கணக்கெடுப்பில் பிறப்பின்போதான பாலினத்தையும் தற்போதைய பாலினத்தையும் தனித்தனியே கேட்டதால் திருநர், இருமைக்குள் அடங்காதவர் ஆகியோரின் எண்ணிக்கை முதன்முறையாகக் கிடைத்தது. இரு பிரிவினரும் சேர்ந்து 1,00,815 பேர்.

ஆட்களிடம் கேட்பதை விட்டுவிட்டு அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைப் பயன்படுத்துவது உலகெங்கும் வளர்ந்துவரும் போக்கு. கனடாவின் 2016 கணக்கெடுப்பு வருமானக் கேள்விகளையே எடுத்துவிட்டு வரித்துறைப் பதிவுகளிலிருந்து அந்தத் தகவலைப் பெற்றது. செலவு குறைகிறது, துல்லியம் கூடுகிறது. ஆனால் ஒருவரின் இனமோ மாற்றுத்திறனோ வரிப் படிவத்தில் முழுமையாக இல்லை. அமெரிக்க மத்திய அரசு இங்கே ஒரு நடுவழியைக் கண்டது. மாற்றுத்திறனாளிகள் 12 சதவீதம் இருக்க வேண்டும் என்று 2017-இல் வகுத்த விதியில், சுய அறிவிப்புப் படிவத்தோடு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி நியமன முறையில் சேர்ந்தவர்களின் பதிவையும் பணியிட வசதி கோரியவர்களின் பதிவையும் எண்ணிக்கைக்குப் பயன்படுத்த அனுமதித்தது. பணியிட வசதி கேட்டுப் பெற்றவர் படிவத்தில் குறியிட மறந்திருந்தாலும் கணக்கில் வந்துவிடுவார். அதே நாட்டில் தொழில்வாரி அளவுகோல் 2000 வரை பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீள் படிவத்திலிருந்து வந்தது. அது நின்றபின், ஆண்டு முழுதும் நடக்கும் சமூக ஆய்வின் ஐந்தாண்டுத் தொகுப்பிலிருந்து வருகிறது. ஒரு நாளின் படமாக இருந்தது ஐந்தாண்டின் சராசரியாகியது.

மூலத்தை மாற்றும் துறைகள் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓராண்டேனும் சேர்த்துக் கணக்கிட்டு இரண்டையும் வெளியிடலாம். வரைபடத்தில் கோட்டை அந்த இடத்தில் அறுத்துக் காட்டலாம். பழைய ஆண்டுகளுக்கும் புதிய முறையைப் பின்னோக்கிப் பொருத்தலாம். கனடாவின் மாற்றுத்திறனாளி எண்ணுக்கு மூன்றாவதைச் செய்ய வழியில்லை. 2011-இல் கேட்காத கேள்விக்கு இன்று பதில் பெற முடியாது. ஆகவே அந்த அட்டவணையைப் படிப்பவர் 2018-க்கும் 2019-க்கும் இடையில் ஒரு சுவர் இருப்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

2022-இல் நடந்த அடுத்த ஆய்வில் மாற்றுத்திறனாளிகளின் விகிதம் 27 சதவீதமாக உயர்ந்தது. இம்முறை முறையியலில் பெரிய முறிவு இல்லை. பின்னோக்கிப் பார்த்தால், 4.4 என்ற அளவுகோல் நீடித்த ஆண்டுகளில் பல துறைகள் இந்தப் பிரிவுக்கு இலக்கு வைக்கக் காரணமில்லை என்று இருந்துவிட்டன. 2018-இன் அட்டவணையில் குறையில்லை என்று பதிவான இடத்தில் அன்றைக்கே குறை இருந்தது.